கேஸ் விழும் இடமும் விபத்து நடக்கும் இடமும்: ஒரு பெருநகரப் போக்குவரத்து அமலாக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பெருநகரத்தின் போக்குவரத்துக் காவல் பிரிவு ஒன்றில் நடந்த மாற்ற முயற்சியை இங்கே பதிவு செய்கிறேன். ஆட்களின் பெயர், இடத்தின் பெயர் எதையும் குறிப்பிடவில்லை. பிரிவின் துணை ஆணையர் அமைத்த சிறு குழுவில் சாலைப் பாதுகாப்புப் பொறியாளராக நான் இருந்தேன். என்னோடு ஓர் ஆய்வாளர், பணிக்காலம் முழுவதையும் சாலையிலேயே கழித்த உதவி ஆய்வாளர் ஒருவர், கட்டுப்பாட்டு அறையின் பதிவேடுகளைப் பார்க்கும் ஊழியர் ஒருவர் இருந்தார்கள்.

அந்தப் பிரிவின் எல்லைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாலை உலகங்கள் இருந்தன. ஒன்று பழைய குடியிருப்புப் பகுதி: குறுகிய சாலைகள், இருசக்கர வண்டிகள், சரக்கு வேன்கள், எங்கு பார்த்தாலும் நடந்து போகிறவர்கள். இன்னொன்று அதன் ஓரத்தை ஒட்டிப் போகும் ஆறுவழிச் சாலை: இருபுறமும் அலுவலக வளாகங்கள், பெரும்பாலும் கார்கள். முதல் பகுதியில் ஏறக்குறைய எல்லா முனையிலும் போக்குவரத்துக் காவலர் இருப்பார். இரண்டாவதில் சிக்னல் கம்பம்தான் இருக்கும்.

இந்தப் பாகுபாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை ஒரு பிரச்சினையாக யாரும் எழுதி வைத்ததில்லை, அவ்வளவுதான். எழுத வைத்தது ஒரு மரணம். அதிகாலையில் ஆறுவழிச் சாலையைக் கடந்துகொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர், எதிர்த்திசையில் வந்த கார் மோதி இறந்துபோனார். வலப்பக்கம் மட்டும் பார்த்துக் கடந்திருக்கிறார். சட்டப்படி வண்டி வரவேண்டிய பக்கம் அதுதான். கார் இடப்பக்கத்திலிருந்து வந்தது.

சில நாள் கழித்து அவருடைய தம்பி மனுவோடு வந்தார். மனுவில் இருந்தது நான்கைந்து வரி. நேரில் அவர் கேட்டது அதைவிடக் கூர்மையாக இருந்தது: “எங்க ஏரியாவுல ஹெல்மெட் இல்லைன்னா முக்குக்கு முக்கு நிறுத்துறீங்க மேடம். அதைத் தப்புன்னு நான் சொல்ல வரல. எங்க அக்கா செத்த ரோட்டுல ஒரு காரையாவது நிறுத்தியிருக்கீங்களா?”

துணை ஆணையர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். முந்தைய ஆறு மாதத்தில் அந்தச் சாலையில் எதிர்த்திசை ஓட்டலுக்காகப் போட்ட கேஸ் ஒன்றுகூட இல்லை. குழு அன்றைக்கு அமைந்தது.

நாங்கள் பார்த்தது

முதல் கூட்டத்திலேயே ஒரு வரைபடம் திரையில் வந்தது. அபராத ரசீதுகளின் எண்ணிக்கையை வைத்துத் தயாரித்தது. பழைய பகுதி முழுக்கச் சிவப்பு; ஆறுவழிச் சாலை வெளிர் பச்சை. மேலே தலைப்பு: ‘விதிமீறல் அதிகமுள்ள பகுதிகள்’. அந்த வரைபடத்தை வைத்துத்தான் அடுத்த மாதத்துக்கான ஆட்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். சிவப்பான இடத்துக்கு இன்னும் ஆட்கள் போவார்கள். ஆட்கள் போனால் இன்னும் கேஸ் விழும். வரைபடம் இன்னும் சிவக்கும். காவலர் நிற்காத இடத்தில் விதிமீறல் பதிவாக வழியே இல்லை என்பதை அந்தத் தலைப்பு மறைத்துவிட்டிருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது. யாரோ ஒருவரின் கெட்ட எண்ணத்தால் இது நடக்கவில்லை. நேர்மையாக வேலை செய்கிறவர்களைக்கூட அந்தக் கணக்கு ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

கேஸ் எண்ணிக்கையோடு சம்பந்தப்படாத ஓர் அளவு தேவைப்பட்டது. சீருடை இல்லாத பயிற்சி மாணவர்களை இரண்டு பகுதிகளிலும் நடைமேம்பாலத்தில் நிறுத்தி, போகிற வண்டிகளில் எத்தனை எந்த விதியை மீறுகின்றன என்று எண்ணச் சொன்னோம். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே படிவம். வந்த முடிவு யாருக்கும் முழுத் திருப்தி தரவில்லை. ஹெல்மெட் விஷயத்தில் பழைய பகுதி உண்மையிலேயே மோசம். வேகம், சிக்னல் மீறல், எதிர்த்திசை ஓட்டல் ஆகிய மூன்றிலும் ஆறுவழிச் சாலை அதைவிட மோசம். காவலர் நிற்கும் முனையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, அடுத்த திருப்பத்தில் கழற்றிக் கைப்பிடியில் மாட்டுகிறவர்களையும் மாணவர்கள் குறித்து வந்தார்கள். அந்த மக்கள் போலீஸ் நிற்கும் இடங்களை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

பிறகு, ஏன் அங்கேயே நிற்கிறார்கள் என்று பார்க்கப் போனோம். மேம்பாலம் இறங்கும் இடம் ஒன்று. மற்ற எல்லா முனையையும்விட அங்கேதான் கேஸ் அதிகம். தூண் நிழல் விழும். இறக்கத்தின் முடிவில் ஒரு வளைவு. வண்டியோட்டி காவலரைப் பார்க்கும்போது ஏறக்குறைய பக்கத்தில் வந்திருப்பார். வேகமும் இருக்காது. காவலர் ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினால் வண்டி நின்றுவிடும். வண்டியை ஓரங்கட்ட ஒரு காலி இடம், ஓட்டுநர் நிற்க ஒரு திட்டு, எல்லாம் இருந்தது. நிறுத்துவது, எண் பலகையைப் படம் எடுப்பது, கையடக்கக் கருவியில் சட்டப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது, ரசீதைக் கிழித்துக் கொடுப்பது என்று இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு கேஸ் முடிந்தது.

ஆறுவழிச் சாலையில் அதைச் செய்ய முடியுமா என்று உதவி ஆய்வாளரைக் கேட்டேன். “அங்க கையை நீட்டினா வண்டி நிக்காது சார், நம்ம மேல ஏறும். ஓரங்கட்ட இடம் எங்க இருக்கு?” என்றார். சாக்குப்போக்காக அவர் சொல்லவில்லை. அந்தச் சாலையில் வேகமாக வரும் காரை ஒற்றை ஆளாக மறிப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஒரு ரோந்து வண்டியும் இரண்டு ஆட்களும் எச்சரிக்கைக் கூம்புகளும் வேண்டும். அவருடைய நிலையத்துக்கு இருந்தது ஒரே வண்டி. அதுவும் முக்கியப் பிரமுகர் வரும் நாட்களில் வேறு பக்கம் போய்விடும்.

இதற்கு மேல் மாத இலக்கு. ஒவ்வொரு நிலையமும் இத்தனை கேஸ் காட்ட வேண்டும். ஹெல்மெட்டும் ஒன்று, குடித்துவிட்டு ஓட்டியதும் ஒன்று. குடிபோதைக் கேஸுக்கு ஊதிப் பார்க்கவேண்டும், அச்சுப்பிரதி எடுக்கவேண்டும், சாட்சிக் கையெழுத்து வாங்கவேண்டும், வண்டியை நிலையத்துக்குக் கொண்டுபோகவேண்டும், மறுநாள் நீதிமன்றம். பாதி இரவு அதிலேயே போய்விடும். இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்றால் எந்தக் காவலரும் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்கவே வேண்டியதில்லை. நேரமும் அப்படித்தான். கேஸ்களில் பெரும்பகுதி முற்பகலிலும் மாலையிலும் விழுந்தது. உயிர்ச்சேத விபத்துகள் முன்னிரவிலும் விடியற்காலையிலும் நடந்திருந்தன. காலைப் பணி தொடங்குவதற்கு முந்தைய அந்த இரண்டு மணி நேரத்தில் பிரிவு முழுக்கவே சாலையில் ஆள் இல்லை.

கடைசியாக, பேச எல்லோரும் தயங்கிய விஷயம். நிறுத்திய கார் எத்தனை, அதில் கேஸ் ஆனது எத்தனை என்று பதிவே கிடையாது. கண்ணாடியை இறக்காமல் உள்ளிருந்தே யாருக்கோ போன் போடுகிறவர், அந்தப் போனைக் காவலரிடம் நீட்டுகிறவர், அரசு முத்திரை ஒட்டிய வண்டி: இவர்கள் போய்விட்டால் அந்தச் சம்பவம் நடந்ததற்கே தடயம் இல்லை. இருசக்கர வண்டியில் போகும் கூலித் தொழிலாளிக்கு அப்படிப் போன் போட ஆள் இல்லை.

விலக்கு இருந்தால் விதிமீறல் பெருகும் என்பதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையில் பணிபுரிந்த வெளிநாட்டுத் தூதர்களின் வண்டிகள் 1997 நவம்பரிலிருந்து 2002 இறுதிவரை 1,50,000-க்கும் மேற்பட்ட பார்க்கிங் அபராதங்களைக் கட்டாமல் விட்டன. 2002 அக்டோபரில், அபராத பாக்கி வைத்திருக்கும் வண்டிகளின் தூதரக எண் பலகையைப் பறிக்கும் அதிகாரம் நகரத்துக்கு வந்தது. அதன்பின் இந்த மீறல்கள் ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்தன. ஓட்டுநர்கள் அதே நாடுகளைச் சேர்ந்தவர்கள்தான். தப்பிக்க முடியாது என்று ஆனது ஒன்றுதான் மாற்றம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் ஒரு சுலபமான தீர்வு மேசைக்கு வந்தது: பழைய பகுதியில் ஹெல்மெட் சோதனையைக் குறைத்துவிடலாம், புகாரும் அடங்கும். நான் அதைக் கடுமையாக எதிர்த்தேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மதிப்பாய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறது. ஏழை ஓட்டுநருக்கு அபராதம் பாரம் என்பது உண்மை. அவருடைய தலையைக் காக்கும் விதியைக் கைவிடுவதை நியாயம் என்று சொல்ல முடியாது. இறந்தவரின் தம்பியும் அதைக் கேட்கவில்லை. அடுத்த சாலையிலும் சட்டம் வேண்டும் என்றுதான் கேட்டார்.

இரண்டாவது யோசனை, ஆட்களையே விட்டுவிட்டு எல்லா இடத்திலும் கேமரா வைப்பது. கேமராவுக்கு ஆள் பேதம் தெரியாது என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். சிகாகோவின் அனுபவம் வேறு மாதிரி. 2022-ல் வெளியான பத்திரிகை ஆய்வின்படி, கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் குடும்பங்களுக்குக் கேமரா அபராதம் வெள்ளையர் பகுதிகளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விகிதத்தில் விழுந்திருந்தது. அந்தப் பகுதிகளின் கேமராக்கள் பல, வேகத்தைத் தூண்டும் அகலமான சாலைகளிலும் விரைவுச் சாலைகளின் ஓரத்திலும் இருந்தது ஒரு முக்கியக் காரணம். கேமரா எங்கே நிற்கிறது, அந்தச் சாலை எப்படி அமைந்திருக்கிறது என்பதில் ஏற்றத்தாழ்வு முன்னதாகவே நுழைந்துவிடுகிறது.

ஆகவே நான்கு முடிவுகள் எடுத்தோம். மாத கேஸ் இலக்கைத் துணை ஆணையர் நிறுத்தினார். அதற்குப் பதில், ஒதுக்கிய இடத்தில் ஒதுக்கிய நேரம் நின்றார்களா என்பதே நிலையத்தின் கணக்கு.

அந்த இடத்தையும் நேரத்தையும் யார் தீர்மானிப்பது என்பதில்தான் நிறைய விவாதம் நடந்தது. கடைசியில் குலுக்கல் என்று முடிவானது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1990-களில் சாலைகளைத் துண்டு துண்டாகவும் நாளை நேரத் துண்டுகளாகவும் பிரித்து, குலுக்கல் முறையில் ஒரு போலீஸ் வண்டியை எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைத்தார்கள். 2001-ல் வெளியான மதிப்பீடு, உயிர்ச்சேத விபத்துகள் 31 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது. துரத்தல் இல்லை, ஒளிந்து பிடிப்பதும் இல்லை. எங்கே, எப்போது என்று யாராலும் ஊகிக்க முடியவில்லை என்பதே அதன் பலம். தண்டனையின் கடுமையைவிட அது தவறாமல் வரும் என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதியதற்குச் சாலையில் ஓர் உருவம் கொடுத்தது போலத்தான் இது. எங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: ‘இன்றைக்கு அங்கே நிற்காதே’ என்று மேலிருந்து சொல்ல இடம் குறைந்துவிடும். உயிர்ச்சேதம் நடந்த துண்டுகளுக்கு மட்டும் குலுக்கலில் கூடுதல் சீட்டுப் போட்டோம். விடியற்காலையும் ஒரு நேரத் துண்டாகச் சேர்ந்தது.

மூன்றாவது, கேமரா அறை. விதிமீறல் படம் ஒவ்வொன்றையும் ஓர் ஊழியர் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். அப்போது எண்ணும் உரிமையாளர் பெயரும் சேர்ந்தே திரையில் தெரியும். ‘தெளிவில்லை’ என்று ஒதுக்கிய படங்களைத் திரும்பப் பார்த்தபோது, நன்றாகவே தெளிவாக இருந்த படங்கள் அதில் கிடந்தன. மீறல் உண்டா இல்லையா என்று ஊழியர் பதிவு செய்யும்வரை எண்ணும் பெயரும் மறைந்திருக்கும்படி மென்பொருளை மாற்றச் சொன்னோம்.

நான்காவது, நிறுத்திய ஒவ்வொரு வண்டியையும், எச்சரித்து விட்டாலும்கூட, காரணத்தோடு கருவியில் பதியவேண்டும் என்ற உத்தரவு.

இவற்றோடு சாலைத் துறைக்கு ஒரு கடிதமும் போனது. ஆறுவழிச் சாலையில் அலுவலக வளாகத்திலிருந்து வெளியே வரும் வண்டி எதிர்ப்பக்கம் போக, இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் போய் யூ-டர்ன் எடுத்து வரவேண்டும். எதிர்த்திசையில் வந்தால் அடுத்த இடைவெளி கூப்பிடு தூரம். இப்படி ஒரு சாலையைப் போட்டுவிட்டு ஓட்டுநரை மட்டும் தண்டித்துக்கொண்டிருப்பது சரியில்லை என்று எழுதினோம். அருகில் ஒரு யூ-டர்ன், பாதசாரிகள் கடக்குமிடத்தில் மேடு, சிக்னல் ஆகியவற்றைக் கேட்டோம்.

பின்னர் நடந்தது

முதல் மாதமே கேஸ் எண்ணிக்கை சரிந்தது. தலைமையகம் விளக்கம் கேட்டது; அபராத வசூல் ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி. மாணவர்கள் எடுத்த கணக்கையும் விபத்துப் பட்டியலையும் இணைத்துத் துணை ஆணையர் பதில் எழுதினார். அதை எழுத அவருக்கிருந்த துணிச்சல் இல்லாமல் போயிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும்.

ஆறுவழிச் சாலையில் முதல் வாரங்களில் தொலைபேசி ஓயவில்லை. ‘அலுவலக நேரத்தில் இங்கே எதற்கு ரோந்து வண்டி’ என்று கேட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. குலுக்கல் பட்டியல் முந்தைய நாள் மாலைதான் நிலையத்துக்கே தெரியும் என்பது அப்போது கைகொடுத்தது. “என் கையில இல்லைங்க சார், சீட்டுல வந்திருக்கு” என்று ஆய்வாளர் நேர்மையாகவே சொல்ல முடிந்தது.

எதிர்த்திசை ஓட்டல் ரோந்து வண்டி நிற்கும் நாட்களில் குறைந்து மறுநாள் திரும்பியது. நிலையாகக் குறைந்தது, நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு சாலைத் துறை யூ-டர்ன் திறந்தபோதுதான். பாதசாரி மேடும் சிக்னலும் இன்றுவரை வரவில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரைவிட 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரால் பாதசாரி இறக்கும் அபாயம் நான்கரை மடங்கு. அந்த மேடு செய்யக்கூடிய வேலையை எந்தக் காவலராலும் முழுதாகச் செய்ய முடியாது. அது வராதது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

பழைய பகுதியில் ஒரு பின்விளைவு. வழக்கமான முனைகளில் ஆள் குறைந்ததும் ஹெல்மெட் அணிவது முதலில் தளர்ந்தது. குலுக்கலில் உள்தெருக்களையும் சேர்த்த பிறகு மெல்லச் சரியானது. முன்பு போலீஸ் நிற்கும் முனைக்கு மட்டும் போட்டவர்கள் இப்போது வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று அந்தப் பகுதிக் காவலர்கள் சொன்னார்கள். மாணவர்களின் அடுத்த கணக்கும் அந்தப் பக்கமே காட்டியது.

மரணங்கள் குறைந்தனவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பிரிவில், ஒரு வருடத்தில் நடக்கும் உயிர்ச்சேத விபத்துகள் ஒரு முடிவுக்கு வரப் போதாத அளவு சிறிய எண்ணிக்கை. தற்செயலாகவே ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும். அதை வைத்து வெற்றி என்று அறிவிக்க நான் சம்மதிக்கவில்லை.

படுதோல்வி அடைந்தது நான்காவது உத்தரவு. ‘காரணம்’ என்ற கட்டத்தில் எல்லோரும் ‘எச்சரிக்கப்பட்டது’ என்ற ஒரே சொல்லைப் பதிந்தார்கள். பாதிப் பேர் பதியவே இல்லை. மேலிடத்துப் போனுக்கு இணங்கி வண்டியை விட்ட காவலரே தன் கைப்பட அதைப் பதிய வேண்டும் என்றால் எப்படிப் பதிவார்? போன் செய்தவரைப் பதியும் இடம் அந்தக் கருவியில் இல்லை.

ஒரு வருடத்துக்குப் பின் துணை ஆணையர் இடமாற்றம் ஆனார். இலக்கு எழுத்தில் திரும்பவில்லை. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் ‘உங்க ஸ்டேஷன்ல ஏன் இவ்வளவு கம்மி?’ என்ற கேள்வியாகத் திரும்பி வந்தது. குலுக்கல் பகல் நேரத்துக்கு மட்டும் நீடிக்கிறது. விடியற்காலைத் துண்டு ஆள் பற்றாக்குறை என்று கைவிடப்பட்டது. கேமரா அறையில் எண்ணை மறைக்கும் ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற யாராவது எழுத்தில் கோரவேண்டும். இதுவரை யாரும் கோரவில்லை.

மறுபடி செய்தால் மாறவேண்டியவை

குலுக்கலையும் இலக்கு நிறுத்தத்தையும் பிரிவின் உள் சுற்றறிக்கையாக விடாமல், ஆணையர் கையெழுத்திட்ட நிலையாணையாக வாங்கிய பிறகே தொடங்கவேண்டும். விதிமீறலை எண்ணும் வேலை காவல்துறைக்கு வெளியே, ஒரு கல்லூரியிடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ நிரந்தரமாக இருக்கவேண்டும். ஆண்டுக்கு இருமுறை அந்தக் கணக்கும் கேஸ் வரைபடமும் விபத்து வரைபடமும் பக்கத்தில் பக்கத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியாகவேண்டும். மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிற எவருக்கும் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே நிற்க வேண்டும் என்பது புரியும்.

வண்டியை விட்டதற்கான பதிவைக் காவலர் தலையில் கட்டக்கூடாது. உடலில் அணியும் கேமராவின் பதிவை, குலுக்கலில் சில நாட்களைத் தேர்ந்தெடுத்து, வேறு பிரிவின் அதிகாரி பார்ப்பது இதைவிடப் பலன் தரும் என்று நினைக்கிறேன். அதையும் எதிர்ப்பார்கள். ஆனால் அந்த எதிர்ப்பு மேலே இருப்பவர்களிடமிருந்து வரும்; கீழே நிற்கும் காவலர் பொய்யாக எதையும் பதிய வேண்டியிருக்காது.

ஆறுவழிச் சாலைகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக, வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டும் தனி இடம் வேண்டும். சாலை போடும் வரைபடத்திலேயே அது வரவேண்டும். அது இல்லாதவரை அங்கே ரோந்து வண்டி நிற்கலாம், கண்ணில் படலாம். குடித்துவிட்டு வரும் ஒருவரை நிறுத்தி இறக்க முடியாது. உதவி ஆய்வாளர் முதல் நாள் சொன்ன இந்தக் குறைக்கு எங்கள் நான்கு முடிவுகளில் எதிலும் பதில் இல்லை. அடுத்த விரிவாக்கத் திட்டத்தில் இதைச் சேர்க்கக் கோரும் மனு இப்போது சாலைத் துறையிடம் இருக்கிறது.